பேருந்து நின்றுகொண்டிருந்தபோது



ஆங்கிலத்தில் இறந்தகாலம் ஒன்றல்ல என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். முடிந்துபோன செயலைச் சொல்லும் சாதாரண இறந்தகாலம் ஒன்று. நடந்துகொண்டிருந்த செயலைச் சொல்லும் தொடர் இறந்தகாலம் மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வரவேண்டிய இடத்தில்தான் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றம் ஒரு குடும்பத்துக்கு எத்தனை பெரிய இழப்பை உண்டாக்க இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

அன்பர் ஒருவர் ஒரு நாள் மாலை ஊன்றுகோலுடன் நம்மைக் காண வந்தார். பேருந்திலிருந்து இறங்கும்போது கீழே விழுந்து கால் எலும்பு முறிந்தவர். மூன்று மாதமாக வேலைக்குச் செல்ல இயலவில்லை. இழப்பீடு கேட்டு அவர் அனுப்பவிருந்த மனு, வெளி மாநிலத்திலுள்ள ஓர் அலுவலகத்துக்குச் செல்லவேண்டியது. ஆதலால் கல்லூரியில் படிக்கும் மகன் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். அதில் முக்கியமான பகுதி இது: 'வென் தி பஸ் வாஸ் ஸ்டாப்பிங், ஐ வாஸ் கெட்டிங் டௌன். தி பஸ் மூவ்டு. ஐ ஃபெல்.'

அவர் வாயால் சொன்னதைத்தான் மகன் சொல்லுக்குச் சொல் எழுதியிருந்தான். 'பேருந்து நின்றுகொண்டிருந்தபோது நான் இறங்கிக்கொண்டிருந்தேன். பேருந்து நகர்ந்தது. விழுந்துவிட்டேன்.' தமிழில் இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. நின்ற வண்டியிலிருந்து ஒருவர் இறங்குகிறார். அவர் இறங்கி முடிப்பதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிடுகிறார். ஆனால் அந்த ஆங்கிலம் சொல்வது வேறு. 'வாஸ் ஸ்டாப்பிங்' என்றால் வண்டி இன்னும் நிற்கவில்லை, வேகம் குறைந்து நிற்கப் போகிறது என்று பொருள். ஓடும் வண்டியிலிருந்து அவசரப்பட்டு இறங்கியவர் என்று அவரே தம்மீது குற்றம் சாட்டிக் கையொப்பமும் இட்டிருந்தார்!

தவறு எங்கே புகுந்தது? நம் மொழியில் 'நில்' என்ற ஒரே வினை, ஓட்டத்தை நிறுத்துவதையும் குறிக்கும், அசையாது நிற்பதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'ஸ்டாப்', பின்னதற்கு 'ஸ்டாண்ட்'. 'கொண்டிருந்த' என்பதைக் கண்டதும் ஒரு 'வாஸ்' போட்டு, வினையின் கடைசியில் 'இங்' சேர்த்தால் போதும் என்பது பள்ளியில் படிந்துவிட்ட பழக்கம். எந்த வினையோடு சேர்க்கிறோம் என்று பார்ப்பதில்லை.

நாம் திருத்திக் கொடுத்தது இவ்வாறு: 'தி பஸ் வாஸ் ஸ்டாண்டிங் அட் தி ஸ்டாப். ஐ வாஸ் கெட்டிங் டௌன் வென் இட் ஸ்டார்ட்டட். ஐ ஃபெல்.' ஆங்கிலேயர் 'கெட்டிங் ஆஃப்' என்பார்கள். நம் நாட்டில் 'கெட்டிங் டௌன்' வேரூன்றிவிட்டது, பொருளும் கெடவில்லை. ஆகவே அதை விட்டுவைத்தோம். நடு வாக்கியத்தை மட்டும் கவனியுங்கள். இறங்குதல் நீண்ட செயல். அது தொடர் இறந்தகாலத்தில் நிற்கிறது. வண்டி கிளம்பியது அதன் நடுவே குறுக்கிட்ட செயல்; அது சாதாரண இறந்தகாலத்தில் வருகிறது. இதையே 'ஐ காட் டௌன் வென் தி பஸ் ஸ்டார்ட்டட்' என்று எழுதியிருந்தால், வண்டி கிளம்பியது, அதன்பின் நான் இறங்கினேன் என்றாகிவிடும். பழி மறுபடியும் அவர் தலைமீதே விழும்.

விதி இவ்வளவுதான். முன்பே தொடங்கி இன்னும் முடியாமல் இருந்த செயல் தொடர் இறந்தகாலத்தில். அதற்குள் வந்து விழுந்த செயல் சாதாரண இறந்தகாலத்தில். இரண்டையுமே சாதாரண இறந்தகாலத்தில் எழுதினால், பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை என்றே பொருள்படும். 'வென் அங்கிள் கேம், வீ ஏட்' என்றால், மாமாவுக்காகக் காத்திருந்து அவர் வந்ததும் சாப்பிட்டோம் என்று பொருள். 'வீ வேர் ஈட்டிங்' என்றால், அவர் வருமுன்னரே இலை போட்டுவிட்டோம்! மாமாவுக்குக் கடிதம் எழுதுபவர்கள் எது உண்மையோ அதை எழுதுவார்களாக.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அப்போது பயணிகளில் பலர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். இதை ஒரு மாணவர் 'வென் தி ஷிப் ஹிட் தி ஐஸ்பர்க், மெனி பாசெஞ்சர்ஸ் ஸ்லெப்ட்' என்று எழுதினால் என்ன ஆகும்? கப்பல் மோதியதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள் என்றாகும். 'வேர் ஸ்லீப்பிங்' என்பதே சரி. நீண்ட செயல்கள் இரண்டு ஒருங்கே நடந்தால் இரண்டுமே தொடர் இறந்தகாலம் பெறலாம். கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தபோது அதன் இசைக்குழுவினர் வாசித்துக்கொண்டிருந்தார்கள், எண்மரும் மாண்டனர். 'வைல் தி ஷிப் வாஸ் சிங்கிங், தி மியூசிஷியன்ஸ் வேர் ப்ளேயிங்' என்று அதை எழுதலாம். 'வைல்' என்ற சொல் பெரும்பாலும் நீண்ட செயலை ஒட்டியே வரும். 'வென்' இரண்டு வகையோடும் வரும்.

நிற்க. 'கொண்டிருந்தான்' என்று தமிழில் வாராத இடத்திலும் ஆங்கிலத்தில் 'வாஸ்', 'இங்' இரண்டும் வருவது உண்டு. இங்கேதான் நன்கு படித்தவர்களும் இடறுகிறார்கள். 'நான் உள்ளே சென்றபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்' என்பதற்கு 'ஹி வாஸ் சிட்டிங்' என்றே எழுதவேண்டும். 'படுத்திருந்தார்' என்பதற்கு 'வாஸ் லையிங்'. 'வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார்' என்பதற்கு 'வாஸ் வேரிங்'. ஆனால் 'சட்டையை அணிந்துகொண்டிருந்தார்' என்றால் அது 'வாஸ் புட்டிங் ஆன்'. கை ஒன்று இன்னும் சட்டைக்குள் நுழையவில்லை என்று பொருள். காணாமற்போனவரைப் பற்றியோ திருடனைப் பற்றியோ அடையாளம் எழுதிக் கொடுக்கும்போது இந்த வேறுபாடு சிறியதன்று.

சில வினைகள் வழக்கமாக 'இங்' ஏற்பதில்லை. 'ஐ வாஸ் நோயிங் ஹிம்' என்று வேலைக்கான விண்ணப்பங்களில் காண்கிறோம். 'ஐ நியூ ஹிம்' என்பதே போதும். இதில் தமிழே நமக்கு வழிகாட்டுகிறது: 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருந்தது' என்று நாம் யாரும் சொல்வதில்லையே. 'வாஸ் கேம்' என்ற கலப்படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்; அது எந்தக் காலத்துக்கும் உரியதன்று.

இனி, வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்விரண்டு வாக்கியங்களைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்: 'அம்மா வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது பால் பொங்கி வழிந்தது.' 'பால் பொங்கியபோது அம்மா ஓடி வந்தார்கள்.' இரண்டாவதில் 'வாஸ் ரன்னிங்' என்று எழுதும் பிள்ளையிடம், பால் பொங்கும் முன்பே அம்மா எதற்காக ஓடிக்கொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். தானே திருத்திக்கொள்ளும்.

டைட்டானிக் பற்றி ஒன்று மீதம் இருக்கிறது. அக்கப்பல் மறுநாள் விடியற்காலை ஏறத்தாழ 2.20 மணிக்கு மூழ்கியது. படகுகளில் இருந்தோரை மீட்ட கார்ப்பேத்தியா என்ற கப்பல் அவ்விடம் வந்தபோது மணி நான்கு. 'வென் தி கார்ப்பேத்தியா கேம், தி டைட்டானிக் வாஸ் சிங்கிங்' என்பது பொய். 'தி டைட்டானிக் சேங்க்' என்பதும் பொய். இவ்விடத்துக்கு ஆங்கிலம் மூன்றாவதாக ஓர் இறந்தகாலத்தை வைத்திருக்கிறது. அதை அடுத்த இதழில் எழுதுகிறோம்.