பட்டறையில் வேர்விட்ட பல்கலைக்கழகம்

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு போலிடெக்னிக்கில் சேரப் போவதாக ஒரு மாணவர் சொன்னால், "ஏன், வேறு இடம் கிடைக்கவில்லையா?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. கையால் செய்யும் தொழில் படிப்பு இரண்டாந்தரமானது என்ற எண்ணம் அந்தக் கேள்வியில் ஒளிந்திருக்கிறது. மாணவர்களே, அந்த எண்ணம் தவறு என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு.

ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாயில் பரந்து விரிந்திருக்கிறது மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் வரலாறு 1904இல் கோலாலம்பூரில் ஒரு சிறிய தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கியது. அந்தப் பள்ளி பட்டம் எதுவும் தரவில்லை. பொதுப்பணித் துறைக்கும் ரயில்வேக்கும் தேவையான தொழில்நுட்ப உதவியாளர்களை உருவாக்குவதே அதன் நோக்கம்.

அது சாதாரண வேலையா? ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் எளிதாக உருளும். அதனால் குறைந்த ஆற்றலில் பெரும் பாரத்தை இழுக்க முடிகிறது. ஆனால் பிடிமானம் குறைவு என்பதால், செங்குத்தான மேட்டில் இன்ஜினின் சக்கரம் வழுக்கும். ஆகவே பாதை மிக மெதுவாகத்தான் உயர வேண்டும். 100 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், காட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் அளக்க வேண்டும். எங்கே மண்ணை வெட்டுவது, எங்கே நிரப்புவது என்று கணக்கிட வேண்டும். நீங்கள் வகுப்பில் படிக்கும் திரிகோணமிதியும் உராய்வு விசையும் அங்கே கையில் கருவியாகின்றன.

1946இல் அந்தப் பள்ளி தொழில்நுட்பக் கல்லூரியாக உயர்ந்தது. 1957இல் சுதந்திரம் வந்ததும், நாட்டுக்குச் சொந்தப் பொறியியலாளர்கள் தேவைப்பட்டனர். கல்லூரியும் அதற்கேற்ப வளர்ந்தது. 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975இல் இன்றைய பெயரைப் பெற்றது.

கல்லூரி பல்கலைக்கழகமாகிவிட்டால் தொழில்நுட்பர்களின் தேவை தீர்ந்துவிடுமா? தீராது. பாலத்தை வடிவமைக்க ஒருவர் வேண்டும்; அதன் பற்றவைப்பு உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்க இன்னொருவர் வேண்டும். இருவரில் எவர் தவறினாலும் பாலம் நிற்காது. 1969இல் ஈப்போவில் நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஓமார் தொடங்கப்பட்டதன் அருமை இங்கேதான் புரிகிறது. ஒரு நாடு இரண்டு வகைக் கல்வியையும் வளர்க்க வேண்டும். ஒன்றை மதித்து மற்றொன்றைத் தாழ்த்தக்கூடாது என்பதே என் கருத்து.

எல்லாரும் போலிடெக்னிக்குக்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோட்பாட்டில் ஆர்வம் உள்ளவர்கள் ஆறாம் படிவத்தையோ மெட்ரிகுலேஷனையோ தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கல்வி நிலையத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அங்கே மாணவர்கள் தாங்களே கருவிகளை இயக்குகிறார்களா? தொழிற்சாலைப் பயிற்சி எத்தனை மாதம்? டிப்ளோமா முடித்தபின் பட்டப்படிப்பைத் தொடர வழி உண்டா? இந்த மூன்று கேள்விகளையும் முதலில் கேளுங்கள். பெற்றோரையும் கேட்கச் சொல்லுங்கள்.

உறவினர் மீண்டும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டால், 1904இல் தொடங்கிய அந்தச் சிறிய பள்ளியின் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.