மணி அடித்த பின் யாருடைய நேரம்?

ஆசிரியத் தொழில் புனிதமானது. அதனைச் செய்வோர் நேரம் பார்த்தலாகாது என்று உபதேசிப்போர் யாழ்ப்பாணத்தில் இன்றும் உளர். பரிசளிப்பு விழா மேடைகளில் அவர்களுக்குக் குறைவில்லை. இவ்வுபதேசத்தின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதே எமது கேள்வி.

கொரோனாக் காலத்தில் எமது கைத்தொலைபேசியில், எமது பணத்தில் டேட்டா வாங்கி, இரவிலும் கற்பித்தோம். 1997 முதல் தீராதிருந்த சம்பள முரண்பாட்டுக்காக 2021 யூலை 12இல் நாடெங்கும் ஆசிரியர் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது, பிள்ளைகளைக் கைவிட்டனர் என்று தூற்றியதும் அதே மேடைதான். போராட்டம் மூன்று மாதங்களுக்கு மேல் நீண்டது. வடக்கும் தெற்கும் அதில் ஒன்றாய் நின்றமை அவ்வுபதேசிகளின் கண்ணிற் படவேயில்லை.

டொலர் வற்றிய 2022 யூனில் அரசு வேறொரு கதவைத் திறந்தது. அரச ஊழியர் ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு செல்லலாம்! ஊதியம் கேட்டவன் துரோகி. ஊரைவிட்டுப் போனவன் தேசபக்தன். எம்முடன் கணிதம் கற்பித்த நண்பர் ஒருவரும் போனார். அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. எஞ்சியோரிற் பலர் மாலையைத் தனியார் கல்வி நிலையங்களுக்கு விற்கின்றனர். பகலிற் பாதி சொன்ன பாடத்தை மாலையிற் காசுக்கு முடிப்போரும் எம்முள் உண்டு, வெட்கக்கேடுதான், மறைக்கமாட்டோம்.

ஆயினும், புதிய நூலொன்றைப் படிக்க ஒரு மாலையேனும் இல்லாத தமிழாசிரியன் வகுப்பில் எதனைச் சொல்வான்? பத்தாண்டுக்கு முந்திய குறிப்பையே சொல்வான். நாம் கேட்பது சலுகையன்று. வாழத்தக்க ஊதியமும், மணி அடித்தபின் எமக்கேயுரிய மாலையுமே.