பிரசங்க மேடையின் மௌனம்

எய்ட்ஸ் நோயாளிகளுக்குச் சபை என்ன செய்யலாம் என்று கேட்டால் உடனே 'ஜெபிக்கலாம்' என்கிறார்கள். ஜெபியுங்கள், யார் வேணாம்னு சொன்னது? ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் சபையில் எச்.ஐ.வி. உள்ள ஒருவர் எழுந்து நின்று அதைச் சொல்ல முடியுமா?

உகாண்டாவின் ஆங்கிலிக்கன் பாதிரியார் கிடியோன் பியாமுகிஷா சொன்னார். 1991இல் மனைவியை இழந்தவர். 1992இல் தனக்கும் எச்.ஐ.வி. இருப்பதைப் பகிரங்கமாக அறிவித்தார். ஆப்பிரிக்க மதத் தலைவர்களில் அப்படிச் சொன்ன முதல் ஆள். சபை அவரை விரட்டவில்லை, பாதிரியாராகவே தொடர்ந்தார். அதற்குப் பிறகு 'பாவத்தின் சம்பளம்' என்று யார் பிரசங்கித்தாலும் அது பலிபீடத்தில் நிற்பவர் மேலேயே விழும்.

திருச்சபை மருத்துவமனைகள் ஆப்பிரிக்காவில் எத்தனையோ பேரைப் பராமரித்தன. மறுக்கவில்லை. ஆனால் 2009இல் அதே ஆப்பிரிக்காவுக்குப் பறந்த போப் பதினாறாம் பெனடிக்ட், ஆணுறை சிக்கலை மோசமாக்கும் என்றார். தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் ஆயர் கெவின் டவ்லிங் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, உயிர் காக்க ஆணுறையை அனுமதிக்கணும் என்று வாதாடியவர். சுரங்கப் பகுதிக் குடிசைகளில் பெண்கள் சாவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். நான் அவர் பக்கம்.

இன்று மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியே தொற்று பரவாது. பிரசங்க மேடை இதை ஏன் சொல்லக்கூடாது? அவமானத்துக்குப் பயந்து பரிசோதனைக்கே போகாதவர்கள்தான் மருந்து இல்லாமல் சாகிறார்கள். அந்த அவமானத்தை வளர்த்ததில் சபைக்கும் பங்குண்டு.

இயேசு தொழுநோயாளியைத் தொட்டார். எப்படி வந்துச்சுன்னு கேட்கவில்லை.