ஐயர் போனார், கெட்டிமேளம் போகவில்லை

சுயமரியாதைத் திருமணம் என்றால் இப்போது பல வீடுகளில் பெரிய சண்டை வருவதில்லை. ஐயர் வேண்டாமா, சரி. முகூர்த்தம் வேண்டாமா, அதுவும் சரி (ராகுகாலம் மட்டும் கூடாதாம்). பறை என்றதும்தான் குரல் மாறுகிறது: "சாவு மேளத்தையா கல்யாணத்துக்குக் கூப்பிடுற?" எங்கள் திருமணப் பேச்சிலும் இதையே கேட்டேன்.

தவிலும் தோல், பறையும் தோல். சபாக்களில் ஒலிக்கும் மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் உண்டு. ஒன்றை மங்கலமாக்கி இன்னொன்றைச் சாவுக்கு ஒதுக்கியது, அடிப்பவரின் சாதி.

அப்புறம் இந்தக் கெட்டிமேளம். தும்மலோ அமங்கலச் சொல்லோ காதில் விழக்கூடாது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, உற்றார் நண்பர்கள் முன்னிலையில் மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தாலே திருமணம் செல்லும், தாலிகூடக் கட்டாயமில்லை. காது கொடுத்துக் கேட்கவேண்டிய அந்தச் சொல்லை அமுக்கும் ஓசைக்கு நாமே ஏன் காசு கொடுக்கிறோம்?

தோழர்களிடமும் எனக்குக் கோபமுண்டு. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிவாங்கிய சேரிகள் உண்டு. அந்த வரலாறு தெரியாமல், வாசலில் ஐந்து நிமிடம் அடிக்கவிட்டு, ரீல்ஸ் எடுத்துக்கொண்டு, கலைஞர்களைக் கடைசிப் பந்திக்கு அனுப்புகிறோம். உறுதிமொழி அமைதியில் முடியட்டும். உடனே மேடையில் பறை முழங்கட்டும். கலைஞர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். நாதஸ்வரக் குழுவிடம் பேசாத பேரத்தை அவர்களிடம் பேசி, 'தோழர் ரேட்' கேட்காதீர்கள்.