வேண்டாமென்று சொல்லும் உரிமை

மதுவிலக்குச் சட்டம் இன்றும் நமது ராஜ்யத்தில் அமுலில் இருந்து வருகிறது என்று சொன்னால், அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் அந்தி வேளையில் நிற்கும் எவரும் நகைப்பார்கள். ஆயினும் உண்மை அதுதான். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம், தன் பெயரில் ‘சென்னை’ என்பது போய்த் ‘தமிழ்நாடு’ என்று ஆனதேயன்றி, ரத்து செய்யப்படவில்லை. சர்க்கார் மதுக்கடைகள் நடைபெறுவதும் அச்சட்டத்தின் கீழ் 2003-இல் செய்யப்பட்ட சில்லறை விற்பனை விதிகளின்படியே. குடியை ஒழிக்கப் பிறந்த சட்டத்தைக் கொண்டே குடியை விற்பதற்கு அதிகாரம் தேடிக் கொண்ட சாமர்த்தியத்தை என்னென்பது! அதற்குரிய இலாகாவின் பெயரும் மதுவிலக்கு இலாகா என்றே இன்னும் வழங்கி வருகிறது.

இந்தச் சட்டம் முதன் முதலாக அமுலுக்கு வந்தது நமது சேலம் ஜில்லாவில். 1937 அக்டோபர் முதல் தேதி. நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் ஒன்றாயிருந்த பழைய சேலம் ஜில்லா அது. ஆகவே மதுவைப் பற்றிப் பேச மற்ற ஊர்களைக் காட்டிலும் சேலத்துக்குச் சற்று அதிக பாத்தியதை உண்டென்று நாம் கருதுகிறோம்.

இப்போது இந்த விவாதத்தில் ஒரு புதுச் சரக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெங்களூரில் உத்தியோகம் பார்த்துத் திரும்பும் நமது வாலிபர்கள், அங்கே விடுதியின் உள்ளேயே தொட்டி வைத்துக் காய்ச்சி, அன்றன்றே வார்த்துக் கொடுக்கும் ‘கிராஃப்ட் பீர்’ என்பதன் பெருமையைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். கோதுமையில் ஒன்று, கருக வறுத்த பார்லியில் ஒன்று, ஆரஞ்சுத் தோல் போட்டது ஒன்று என்று அதில் பல ஜாதிகளாம். புதுச்சேரிக்குப் போனாலும் கிடைக்கிறது, சேலத்தில் மட்டும் ஏன் கூடாது என்று கேட்கிறார்கள். இங்கேயோ சர்க்கார் கிடங்கிலிருந்து எந்தப் புட்டி வருகிறதோ அதுதான் கிடைக்கும். கேட்டதொன்று, கொடுப்பதொன்று. அச்சிட்ட விலைக்கு மேல் கடையில் கேட்கிறார்கள் என்ற புகாரும் வெகுகாலமாக இருந்து வருகிறது. ருசியறிந்து குடிக்கும் சுதந்திரம் பிரஜைக்கு வேண்டாமா என்பது இவர்களுடைய வாதம்.

நாம் மதுவிலக்குக் கட்சியைச் சேர்ந்தவர்கள். எனினும் இந்த வாலிபர்களின் முறையீட்டில் ஓர் அம்சம் நியாயமானது என்பதை மறைக்க விரும்பவில்லை. விற்பவரும் ஒருவர், வரி வாங்குபவரும் அவரே, நேரத்தையும் இடத்தையும் நிர்ணயிப்பவரும் அவரே என்றால், வாங்குகிறவனுக்கு அங்கே எந்த மரியாதையும் இராது. 1983-இல் மொத்த வியாபாரத்துக்காக ஏற்பட்ட டாஸ்மாக் கம்பெனி, 2003 நவம்பரில் சில்லறை வியாபாரத்தையும் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது முதல் இந்நிலை தொடர்கிறது.

ஆனால் பீருக்காக வாதாடுகிறவர்கள் ஓமலூர்ப் பக்கமோ ராசிபுரம் பக்கமோ போய்ப் பனைமரம் ஏறுகிறவனையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள் தடை செய்யப்பட்டிருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் லைசென்ஸ் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. இங்கே கள் இறக்கினால் குற்றம். ஆலையில் காய்ச்சிப் புட்டியில் அடைத்த பீரைச் சர்க்காரே விற்கலாமாம். தன் சொந்த மரத்தில் கலயம் கட்டுகிறவன் மீது மட்டும் வழக்காம்! பனையை ராஜ்யத்தின் மரம் என்று கொண்டாடுகிறோம். அதன்மேல் ஏறுகிறவனுக்கோ அஸ்தம்பட்டி மத்திய ஜெயில் காத்திருக்கிறது. கள்ளும் கூடாது, பீரும் கூடாது, சாராயமும் கூடாது என்றால் அது மதுவிலக்கு. ஏழை விற்பது கூடாது, ஆலை முதலாளி விற்பது ஆகும் என்றால் அதற்கு வேறு பெயர்தான் கொடுக்க வேண்டும். இதைச் சொல்வதால் கள்ளுக்கடையைத் திறக்கச் சொல்கிறோம் என்று யாரும் அர்த்தம் செய்து கொள்ள வேண்டாம். ஒத்துழையாமை நாட்களில், கள் இறக்கக் கூடாதென்று, சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமாயிருந்த தென்னை மரங்களை நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார் ஈ. வெ. ராமசாமி. அவரோடு பின்னால் எத்தனையோ விஷயங்களில் மாறுபட்டவர்களும் அந்தக் காரியத்தை மறக்கவில்லை.

பீர் வாலிபன், பனையேறி, குடிகாரனின் மனைவி ஆகிய இம்மூவரில் மூன்றாமவளைப் பற்றித்தான் நாம் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தோம். அதற்கு முன் ஒரு பழைய கணக்கைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் 1917-இல் சேலம் முனிசிபல் சேர்மனாக வந்தவர். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். அங்கிருந்து 1929-இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையைக் கல்கியின் துணையுடன் நடத்தினார். இவ்வாறு இருபது வருஷம் இந்த ஜில்லாவின் தறிக்குழிகளையும் சேரிகளையும் கண்ணால் கண்ட பிறகுதான், 1937-இல் பிரதம மந்திரியானதும், சேலத்தில் கடைகளை மூடினார். ஒரே நாளில் மாகாணம் முழுவதையும் மூடிவிடவில்லை. முதலில் ஒரு ஜில்லா. 1938-இல் சித்தூரும் கடப்பையும். 1939-இல் வட ஆற்காடு. அடி எடுத்து வைத்து, தரை உறுதியென்று கண்டு, அடுத்த அடி வைத்தார்.

அப்போதும் இன்றுபோலவே ஆட்சேபம் கிளம்பிற்று. நிலத்தீர்வைக்கு அடுத்தபடியாக மாகாணத்தின் பெரிய வருமானம் கலால் வருமானமே. அதை விட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் ஏது என்றார்கள். அதற்கு ராஜாஜி கண்ட பதில் 1939-ஆம் வருஷத்துப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் எல்லாச் சாமான்களின் மீதும் பொதுவாகப் போடப்பட்ட முதல் விற்பனை வரி அதுவே. வரி விகிதம் நூற்றுக்கு அரை ரூபாய். வியாபாரிகள் கூச்சலிட்டார்கள்; இறுதியில் கட்டினார்கள். கட்டியது வியாபாரி என்பது பெயருக்குத்தான். செவ்வாய்ப்பேட்டைக் கடையில் பருப்பும் புளியும் வாங்கிய குடித்தனக்காரர்கள் கட்டினார்கள். கள்ளுக்கடை மூடுவதற்குரிய கிரயத்தை இந்த நாட்டு ஜனங்கள் தங்கள் அரிசி மூட்டையின்மீது சுமந்தார்கள் என்பதே இதன் பொருள்.

பிறகு நடந்ததை நேயர்கள் அறிவார்கள். 1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரி சபை ராஜிநாமாச் செய்தது. யுத்த காலத்தில் ஆலோசகர் ஆட்சி கடைகளைத் திறந்தது. 1946-இல் மதுவிலக்கு மீண்டது. 1948 அக்டோபர் 2 முதல், ஓமந்தூர் ரெட்டியார் காலத்தில், மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. தொண்ணூற்றிரண்டு வயது ராஜாஜி முதல் மந்திரி ஸ்ரீ கருணாநிதியிடம் நேரில் சென்று வேண்டியும் பயனில்லை. மூன்று வருஷத்தில் அவரே மறுபடி கடைகளை மூடினார். 1981-இல் ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் திறந்தார். திறப்பதும் மூடுவதுமாக நடந்த இந்த ஆட்டத்தில் ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. அதுதான் விற்பனை வரி.

1939-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் 1959-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2007 முதல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017-இல் மற்றச் சாமான்களில் பெரும்பாலானவை ஜி.எஸ்.டி.க்குப் போய்விட, குடிக்கும் மது ராஜ்யத்தின் பழைய வரியிலேயே நின்று விட்டது. 2003-04-இல் மதுவினால் சர்க்காருக்கு வந்த வருமானம் சுமார் 3,639 கோடி ரூபாய். 2024-25-இல் அது 48,344 கோடி. இதில் கலால் தீர்வை சிறு பகுதியே. முக்கால் பங்கு எந்த இனத்தில் வருகிறது என்றால், அந்த மதிப்புக் கூட்டு வரியில்! மதுவை ஒழிப்பதற்காக ராஜாஜி பெற்றெடுத்த வரியின் பேரப்பிள்ளை, இன்று மதுக்கடை வாசலில் உட்கார்ந்து தண்டல் செய்கிறது. சேலத்து ஜனங்கள் கடையை மூடவும் வரி கொடுத்தார்கள். திறந்த கடையிலும் வரி கொடுக்கிறார்கள். வருமானம் போய்விடுமே என்று மந்திரிகள் அங்கலாய்க்கும்போது, ஏற்கெனவே வாங்கிக் கொண்ட கிரயத்துக்கு ரசீது எங்கே என்று கேட்க நமக்குப் பாத்தியதை இல்லையா?

இனி எதிர்க்கட்சியின் பலமான வாதத்துக்கு வருவோம். கடையை மூடினால் கள்ளச் சாராயம் பெருகும் என்பது அந்த வாதம். இதைச் சிரித்துத் தள்ள முடியாது. 1948 முதல் 1971 வரை கள்ளச் சாராயம் காய்ச்சியவர்களும், கண்டும் காணாதிருக்க மாமூல் வாங்கியவர்களும் பெருகினார்கள் என்பதை மதுவிலக்குக்காரர்களும் ஒப்புக் கொள்ள வேண்டும். 2016 முதல் பூரண மதுவிலக்கு அமுலில் உள்ள பிஹாரில், 2022 டிசம்பரில் சாரண் ஜில்லாவில் விஷச் சாராயத்தால் பலர் மாண்டார்கள். ஆனால் 2024 ஜூனில் நமது பக்கத்து ஜில்லாவான கள்ளக்குறிச்சியில் நடந்ததென்ன? அங்கே சர்க்கார் கடைகள் திறந்துதான் இருந்தன. அப்படியிருந்தும் மெதனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். கடை இல்லாததால் அவர்கள் சாகவில்லை. கடைச் சரக்கை வாங்கக் காசில்லாமல், மலிவைத் தேடிப் போய்ச் செத்தார்கள். ஆதலின், கடை திறந்திருப்பது விஷச் சாராயத்துக்கு மருந்து என்ற வாதம் நிற்காது. அதைப் போலவே, சட்டம் போட்ட மாத்திரத்தில் குடி ஒழியும் என்ற வாதமும் நிற்காது. ஜனங்களின் சம்மதம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மதுவிலக்கு வேரூன்றும். இது அனுபவத்தில் கண்டது.

அந்தச் சம்மதத்தை யாரேனும் கேட்டார்களா? 2003-ஆம் வருஷத்து விதிகளில் கடைக்கும் கோவிலுக்கும், கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் சொல்லியிருக்கிறது. கார்ப்பரேஷன், முனிசிபல் எல்லைக்குள் 50 மீட்டர். மற்ற இடங்களில் 100 மீட்டர். அஸ்தம்பட்டிக் குழந்தைக்குக் கிராமத்துக் குழந்தையைவிடப் பாதித் தூரம் போதுமென்று எவரோ அளந்து வைத்திருக்கிறார்கள்! மீட்டர்க் கணக்கு இருக்கிறது. அந்த வீதியில் குடியிருப்பவர்கள் கடையை விரும்புகிறார்களா என்ற கேள்வி இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று சுப்ரீம் கோர்ட் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதன்படி 2017-இல் மூடிய கடைகளைக் குடியிருப்புகளுக்குள் கொண்டு போய் வைக்கப் பார்த்தார்கள். அவ்வருஷம் ஊருக்கு ஊர் ஸ்திரீகள் தெருவுக்கு வந்து மறித்தார்கள். கிராம சபைகள் தீர்மானம் போட்டன. தீர்மானம் போட்டால் கடையை மூடித் தீரவேண்டும் என்ற விதியில்லை. பிறகு, முனிசிபல் எல்லைக்குள் அந்த 500 மீட்டர்த் தடை இல்லையென்று கோர்ட்டே சொல்லிவிட்டது. சேலம் ஜில்லாவைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31-ஆம் தேதி, கன்னியாகுமரி ஜில்லா உண்ணாமலைக்கடையில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி டெலிபோன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர் நீத்தார். ஒரு கடையை அகற்ற ஒரு மனிதன் கோபுரம் ஏற வேண்டியிருப்பது எந்த ராஜ்ய தர்மம்?

மஹாராஷ்டிர ராஜ்யத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு கிராமத்திலோ வார்டிலோ போதிய எண்ணிக்கையுள்ள ஸ்திரீகள் எழுதிக் கொடுத்தால், ரகசிய வோட்டெடுப்பு நடத்துகிறார்கள். வோட்டுச் சீட்டில் இரண்டு சின்னங்கள். நிற்கும் புட்டி என்றால் கடை இருக்கட்டும். படுத்த புட்டி என்றால் கடை போகட்டும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் புரியும். இவ்விதம் பல ஊர்களில் புட்டி படுத்திருக்கிறது.

இதையே நாம் இங்கு கேட்கிறோம். பூரண மதுவிலக்கு நமது லட்சியம். அரசியல் சட்டத்தின் 47-வது ஷரத்தும் அதையே சொல்கிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் இது. மதுவைப் பற்றிச் சட்டம் செய்யும் அதிகாரம் முழுவதும் ராஜ்யத்துக்கே உரியது. டில்லியைக் கேட்க வேண்டியதில்லை. புதுச் சட்டம்கூட அவசியமில்லை. 2003-ஆம் வருஷத்து விதிகளில், 50 மீட்டர், 100 மீட்டர் என்று எழுதியிருக்கும் அதே இடத்தில், வார்டு வாசிகளின் வோட்டுக்கும் ஒரு வரி சேர்த்தால் போதும். ராஜாஜி செய்தது போல முதலில் ஒரு ஜில்லாவில் நடத்திப் பார்க்கலாம். சேலம் கார்ப்பரேஷனில் 60 வார்டுகள் இருக்கின்றன. எந்த வார்டில் பெரும்பான்மையோர் ‘இருக்கட்டும்’ என்கிறார்களோ அங்கே கடை இருக்கட்டும். அவ்வார்டில் நமது பெங்களூர் வாலிபர் ஆரஞ்சுத் தோல் பீருக்கு மனுப் போட்டுக் கொள்ளட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை, பிரசாரம் மட்டும் செய்வோம். ‘போகட்டும்’ என்று சொல்லும் வார்டில் பூட்டுத் தொங்க வேண்டும்.

சர்க்கார் தயங்குவதற்குக் காரணம் வருமானமாகத்தான் இருக்கும். ஒரு ஜில்லாவில் வோட்டெடுத்தால் எத்தனை புட்டிகள் படுத்துக் கொள்ளும் என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாக ஊகித்திருக்கிறார்கள் போலும். வரப்போகும் அக்டோபர் முதல் தேதிக்குள் அஸ்தம்பட்டி வட்டாரத்து வார்டுகளிலிருந்து ஸ்திரீகளின் கையெழுத்துடன் மகஜர்கள் கலெக்டர் ஆபீஸுக்குப் போகவேண்டும். காங்கிரஸ்காரர், கழகத்தார், கம்யூனிஸ்டுகள் என்ற பேதமின்றி ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்குவதை இந்த வாரமே தொடங்கலாம்.