கறுப்புத் திரைக்கும் ரெண்டு கையெழுத்து

பி.காம் படித்து பேங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு டேட்டாபேஸ் எதற்கு என்று ஐடி நண்பர்கள் கேட்கலாம். எனக்கு வரவு, பற்று தெரியும். அது போதும் :-)

நாம் இங்கிருந்து காந்தலூருக்குப் பத்தாயிரம் அனுப்பினால் ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு. ரெண்டும் நடக்கணும், இல்லையென்றால் ரெண்டுமே நடக்கக் கூடாது. டேட்டாபேஸ்காரர்கள் இதை டிரான்சாக்‌ஷன் என்கிறார்கள். பேரே நம்ம பேங்க் வார்த்தை!

கமாண்ட் லைனில் பிகின் அடித்துவிட்டு மாற்றினால், கமிட் அடிக்கும்வரை எதுவும் நிலைக்காது, தப்பென்றால் ரோல்பேக். பிகின் அடிக்க மறந்தால்? போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ரெண்டும் வழக்கமாக ஒவ்வொரு கட்டளையையும் அப்போதே கமிட் செய்துவிடும். அப்டேட்டில் 'வேர்' நிபந்தனையும் விட்டுப்போனால் அத்தனை பேர் பாக்கியும் மாறும். ஊரில் பூண்டு விற்ற காசும் அதில்தான் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் இதைத் தடுக்க 'சேஃப் அப்டேட்ஸ்' உண்டு. அதன் மறுபெயர் 'ஐ ஆம் எ டம்மி' (குசும்பர்கள்!).

பிகினும் காப்பாற்றாத இடம் உண்டு. புரோகிராம்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில், 2017 ஜனவரி 31 இரவு, ஓர் இன்ஜினியர் துணை சர்வர் என்று நினைத்து மெயின் சர்வரின் டேட்டா ஃபோல்டரையே அழித்தார். ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் மிச்சம் 4.5 ஜிபி. வழக்கமான பேக்கப் வெர்ஷன் பொருந்தாமல் ஓடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த நகல் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

பேங்கில் என்ட்ரி போட்டவரே அதைப் பாஸ் பண்ண முடியாது. மேக்கர் ஒருவர், செக்கர் வேறொருவர். ஆனால் பல சின்ன நிறுவனங்களில் மொத்தக் கணக்கும் ஒரே ஆளின் பாஸ்வேர்டில் கிடக்கிறது.

அதற்காகக் கமாண்ட் லைனே வேண்டாம் என்பவர்களோடு நான் சேரமாட்டேன். மவுஸ் கிளிக்கை வவுச்சர் மாதிரி ஃபைல் பண்ண முடியுமா? கட்டளையை எழுதிவைத்து, எத்தனை வரி மாறணும் என்று மேலே குறித்து, இன்னொருவரிடம் காட்டலாம். ஓட்டியதும் 'அப்டேட் 1' வந்தால் கமிட். 'அப்டேட் 48000' வந்தால் ரோல்பேக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

பேக்கப்பையும் மாசத்துக்கு ஒருமுறை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து கூட்டுத்தொகை பார்க்கணும், டிரையல் பேலன்ஸ் மாதிரி. உங்கள் வீட்டுப் பிள்ளை டிபிஏவாக இருந்தால், கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தாய் என்று கேளுங்கள்.