ஓடி முடித்தேன், அதுதான் தவறு

அதிகாலை மூன்று மணி. 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்தில் 71ஆவது கிலோமீட்டர். இளைப்பாறும் நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தேன். காலணிக்குள் சேறு, காலுறைக்கு மேல் இரண்டு அட்டைகள். அங்கே தொண்டூழியராக இருந்த அக்கா ஒருவர் என் வலது காலைப் பார்த்தபடியே வந்தார்.

"தங்கச்சி, இறங்கி வர்றப்பவே பார்த்தேன். நொண்டுறீங்களே, நிப்பாட்டிக்கலாமே? கீழ போற வண்டி பத்து நிமிஷத்துல கிளம்புது."

"தசைப்பிடிப்புதான்க்கா. ஒன்னும் இல்ல," என்றேன்.

அது பொய். ஆறு வாரமாக அந்தக் கால் வலித்துக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி. அம்மாவிடம் சொல்லவில்லை, உடன் பயிற்சி செய்யும் நண்பர்களிடமும் சொல்லவில்லை. இரவில் கோடாலித் தைலம் தேய்த்தேன். காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினேன். போட்டிக்குக் கட்டணம் கட்டியாகிவிட்டது; எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

வண்டி கிளம்பியது. நான் அடுத்த மலையில் ஏறினேன். 30 மணி நேரக் கெடுவுக்குள், 28 மணி 40 நிமிடங்களில் முடித்தேன். பதக்கத்தோடு எடுத்த படத்துக்கு நூற்றுக்கணக்கான வாழ்த்துகள் வந்தன. "விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு" என்று உறவினர் ஒருவர் எழுதியிருந்தார். ஒன்பது நாள் கழித்து எம்ஆர்ஐ படத்தில் எலும்பில் விரிசல் தெரிந்தது. ஊன்றுகோலோடு கட்டுமானத் தளத்துக்குப் போக முடியாது என்பதால் என் தொழிற்பயிற்சி தள்ளிப்போனது. அதனால் பட்டமளிப்பும் ஒரு தவணை தள்ளிப்போனது. கல்விக் கடனில் படிக்கும் ஒருவருக்கு ஒரு தவணை என்பது சிறிய விஷயமல்ல.

அந்த வாழ்த்துகளை இப்போது மீண்டும் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. காயத்தோடு ஓடியது என் முடிவுதான். ஆனால், அந்த முடிவை அத்தனை எளிதாக எடுக்க வைத்தவை எவை?

பெருகிவரும் மலை ஓட்டங்கள்

மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைத் தாண்டும் எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான்தான். மலைப்பாதையில் அதை ஓடும்போது தூரத்தைவிட ஏற்ற இறக்கமே பெரிய சோதனை. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகள் வழியாக மோன் பிளாங்க் மலையைச் சுற்றிவரும் யுடிஎம்பி ஓட்டம் 2003இல் தொடங்கியது. ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தூரம். மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். நம் கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். அதைக் கடல்மட்டத்திலிருந்து இரண்டு முறை ஏறினாலும் அந்தக் கணக்கு எட்டாது.

2022 முதல் யுடிஎம்பி உலகத் தொடராகப் பல நாடுகளில் நடக்கிறது. நம் நாட்டில் தைப்பிங்கில் நடைபெறும் மலேசியா அல்ட்ரா டிரெயில் ஓட்டமும் அத்தொடரைச் சேர்ந்ததுதான். சபாவில் டிஎம்பிடி ஓட்டம் 2011 முதல் நடந்து வருகிறது. சிறிய போட்டிகளும் பல உண்டு. பல்கலைக்கழக மாணவர்கள் பலர் இவற்றில் ஓடுகிறார்கள். இது நல்ல செய்தி. காட்டையும் மலையையும் கால்நடையாக அறிந்துகொள்ளும் ஒரு தலைமுறை உருவாகிறது.

ஆனால், இந்த விளையாட்டில் வெகுமதி எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். யுடிஎம்பி தொடரின் இறுதிப் போட்டிகளுக்கான குலுக்கலில் சேர 'ரன்னிங் ஸ்டோன்' எனும் புள்ளிகள் தேவை. ஓட்டத்தை முடித்தால்தான் அவை கிடைக்கும். பதக்கமும் முடித்தவருக்கான சட்டையும் அப்படித்தான். 99ஆவது கிலோமீட்டரில் நின்றவரும் 10ஆவது கிலோமீட்டரில் நின்றவரும் முடிவுப் பட்டியலில் ஒன்றுதான்: டிஎன்எஃப், அதாவது 'முடிக்கவில்லை'. காயத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மனத்தில் இந்த மூன்று எழுத்துகள் பெரிய சுமையாக இருக்கின்றன.

நாம் பகிரும் கதையும் பகிராத கதையும்

போட்டிக்கு முன் நான் திரும்பத் திரும்பப் படித்தது கிலியன் ஜோர்னெட்டின் கதை. 2017இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த ஹார்ட்ராக் 100 மைல் ஓட்டத்தில், தொடங்கி ஏறக்குறைய 21 கிலோமீட்டர் தூரத்தில் அவர் விழுந்தார். இடது தோள்பட்டை விலகியது. அதைத் தாமே சரிசெய்துகொண்டு, கையைக் கட்டித் தொங்கவிட்டபடி மீதி தூரத்தை ஓடி வெற்றியும் பெற்றார்.

அடுத்த ஆண்டு யுடிஎம்பி ஓட்டத்தில் தேனீ கொட்டியதால் ஒவ்வாமை ஏற்பட்டு, அதே ஜோர்னெட் வழியிலேயே விலகினார். அந்தக் கதையை எனக்கு யாரும் அனுப்பவில்லை, நானும் தேடவில்லை.

கோர்ட்னி டௌவால்டரின் கதை இன்னும் தெளிவானது. 2019 ஜூனில் கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் அவர்தான் முன்னணியில் இருந்தார். ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிய பிறகு, இடுப்புக் காயம் காரணமாக விலகினார். இரண்டு மாதம் கழித்து யுடிஎம்பி ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் முதலிடம் பெற்றார். 2023இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யுடிஎம்பி மூன்றையும் ஒரே கோடையில் வென்றார். முன்னணியில் இருந்தபோதே நிற்கத் தெரிந்தவர் அவர். 71ஆவது கிலோமீட்டரில் நான் எத்தனையாவது இடத்தில் இருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது.

வலியிலும் வகை உண்டு

நெடுந்தூரம் ஓடினால் உடம்பு வலிக்கும். தொடை இறுகும், பாதம் கொப்பளிக்கும். அதைத் தாங்கத் தெரியாவிட்டால் இந்த விளையாட்டே இல்லை. என் தவறு வலியைத் தாங்கியதல்ல. எல்லா வலியும் ஒன்று என்று நினைத்ததுதான் தவறு.

எலும்பு உயிருள்ள பொருள். ஒவ்வோர் ஓட்டத்திலும் அதில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஓய்வின்போது உடல் அதைப் பழுதுபார்க்கிறது. பழுதுபார்ப்பதைவிடச் சேதம் வேகமாகக் கூடினால் முதலில் வலி, பிறகு விரிசல். தசை களைத்துப்போனால் அதிர்வைத் தாங்கும் வேலையும் எலும்பின் மேல் விழுகிறது. மலை இறக்கத்தில் இது இன்னும் மோசம். அறிகுறிகள் பெரும்பாலும் படிப்படியாக வரும்: முதலில் ஓடிய பிறகு வலி, அடுத்து ஓடும்போதே வலி, பின்னர் நடந்தாலும் வலி, கடைசியில் படுத்தாலும் வலி. ஒரே புள்ளியில் தொட்டால் வலிப்பது முக்கிய எச்சரிக்கை. தொடக்க வாரங்களில் சாதாரண எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். எனக்கு மூன்றாம் கட்டம்வரை எல்லாமே போட்டிக்கு முன்பே வந்துவிட்டன.

உணவும் இதில் சேரும். பயிற்சிக்கு ஏற்ற அளவு சாப்பிடாவிட்டால் எலும்பு வலுவிழக்கும். அனைத்துலக ஒலிம்பிக் குழு இந்தக் குறைபாட்டுக்கு 2014இல் தனிப்பெயரே சூட்டியது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் அதன் அறிகுறியாக இருக்கலாம். பயிற்சி செய்தால் அப்படித்தான் என்று நான் விட்டுவிட்டேன். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

அடுத்தது மாத்திரை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 80 கிலோமீட்டர் ஓடிய 89 பேரில் ஒரு பிரிவினருக்கு ஐபுபுரோஃபனும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. ஐபுபுரோஃபன் எடுத்தவர்களில் 52 விழுக்காட்டினரிடம் சிறுநீரகப் பாதிப்புக்கான அறிகுறி தெரிந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 விழுக்காடு. யுடிஎம்பி ஓட்டத்தில் இவ்வகை மாத்திரைகளுக்குத் தடையே உண்டு. நானோ என் இடுப்புப் பையில் ஆறு மாத்திரைகள் வைத்திருந்தேன். அவை காயத்தை ஆற்றவில்லை. அதன் எச்சரிக்கையைத்தான் மறைத்தன.

பாட்டிக்கு இல்லாத வாய்ப்பு

ஊன்றுகோலோடு வீட்டில் இருந்தபோது பாட்டி என் காலைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஓடலேன்னா காசு பிடிப்பாங்களா?"

பாட்டி ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. காலில் முள் குத்திச் சீழ் வைத்திருந்தபோதும் வாளி தூக்கியிருக்கிறார். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, வலியோடு வேலை செய்வதே பெருமை என்று ஆகிவிட்டது. ஆனால் பாட்டி அதைப் பெருமையாகச் செய்யவில்லை. நிற்க வழியில்லாததால் செய்தார். நிற்கலாம் என்று யாராவது சொல்லி, கூலியும் கொடுத்திருந்தால் நின்றிருப்பார். எனக்கு நிற்க வழி இருந்தது, வண்டியே காத்திருந்தது. பாட்டியின் கட்டாயத்தை என் வீரமாக நான் மாற்றிக்கொண்டேன்.

நிற்க வழியில்லாத ஓட்டம் எப்படி முடியும் என்பதற்கு 2021 மே 22 சாட்சி. சீனாவின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரெனக் குளிர்காற்றும் மழையும் தாக்கின. ஓடிய 172 பேரில் 21 பேர் உயிரிழந்தனர். மிகக் கடினமான ஏற்றத்தின் மேலிருந்த நிலையத்துக்கு வாகனம் போக வழியில்லை. அங்கே உணவும் இல்லை. காற்றைத் தடுக்கும் மேலாடையும் கட்டாயமாக்கப்படவில்லை. உயிர் பிழைத்தவர்களில் பாதியிலேயே திரும்பி இறங்கியவர்களும் உண்டு. ஆடு மேய்க்கும் ஒருவர் குகையில் அடைக்கலம் தந்து ஆறு பேரைக் காப்பாற்றினார். அங்கே நடந்தது என்னுடையதைப் போன்ற காயமல்ல. ஆனால், ஓடுபவர் நிற்க முடிவெடுத்தால் அதற்கு வழி இருக்க வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

என்ன மாற வேண்டும்?

ஏற்பாட்டாளர்கள் கட்டாயப் பொருள்களையும் கால வரம்பையும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் மட்டும் போதாது. காயமடைந்தவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு மருத்துவப் பணியாளருக்கு இருக்க வேண்டும். இருபது மணி நேரம் தூங்காமல் ஓடியவரின் மூளையிடம் நல்ல முடிவை எதிர்பார்க்கக்கூடாது. முடிக்காதவர் கடந்த தூரத்தையும் முடிவுப் பட்டியலில் தெளிவாகக் காட்டலாம்.

ஓடுபவர்கள் நிற்க வேண்டிய நிலைமைகளைப் போட்டிக்கு முன்பே, தெளிந்த மனத்தோடு எழுதிவைக்க வேண்டும். என் தாளில் இப்போது மூன்று வரிகள் உள்ளன. ஒரே புள்ளியில் வலித்தால் நிற்பேன். நடையே மாறிப்போனால் நிற்பேன். மாத்திரை போட்டால்தான் தொடர முடியும் என்றால் நிற்பேன். அந்தத் தாளின் படம் என் தோழி ஒருத்தியிடமும் இருக்கிறது.

மற்றவர்களாகிய நாம், பள்ளி விளையாட்டுப் போட்டி முதல் சமூக ஊடகம் வரை, நொண்டியபடி முடித்தவருக்குக் கைதட்டுவதற்கு முன் அவரது காலைப் பற்றிக் கேட்கலாம்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு மீண்டும் ஓடத் தொடங்கினேன். இவ்வாண்டு அதே போட்டிக்குப் போனேன், ஓட அல்ல, தொண்டூழியராக. நள்ளிரவுக்குப் பிறகு கணுக்கால் வீங்கிய ஒரு தம்பி வந்து உட்கார்ந்தான். மைலோ கொடுத்தேன். கீழே போகும் வண்டியைக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவன், பிறகு தன் எண் அட்டையைக் கழற்றினான்.

"வீட்டுல என்னக்கா சொல்றது?" என்று கேட்டான்.

"கால் வலிச்சுது, நிப்பாட்டிட்டேன்னு சொல்லு," என்றேன்.